விலாங்கு ஆறடி வளருமா?

ஜூன் 3

கொள்ளிடக்கரை வாசகர் ஒருவர் கேட்டது, அவர் சொற்களிலேயே:

“எங்கள் வயல் கிணற்றில் ஒரு விலாங்கு கிடக்கிறது. அப்பா வாய்க்காலில் பிடித்துப் போட்டது. கோடையில் நீர் இறங்கும்போதெல்லாம் பார்க்கிறேன். 11 வருடமாக இரண்டரை அடிதான். விலாங்கு ஆறடி வளரும் என்று எங்கோ படித்தேன். ஆறடி விலாங்கைக் கண்ணால் கண்டவர் உண்டா? அல்லது ஒருவர் எழுதியதையே அடுத்தவரும் எழுதிக்கொண்டு போகிறார்களா?”

ஜூன் 3, இரவு

ஆறடியை நான் கண்டதில்லை. மூன்று முழத்துக்கு நாலு விரல் குறைவான ஒன்றைக் கண்டிருக்கிறேன். 1988, பங்குனி மாதம், எனக்கு 12 வயது. சேரன்மகாதேவிக்கு மேற்கே தாமிரபரணியில் பாறைக்குக் கீழே ஒரு கசம் உண்டு. கோடையிலும் அங்கே நிலை கொள்ளாது. தாத்தா இரவில் தவளையைக் கோத்துத் தூண்டில் போட்டுவிட்டு வந்தார். விடியற்காலை போனபோது கயிறு விறைத்து நின்றது. மீன் பாறை இடுக்கில் உடம்பைத் திணித்து, வாலால் பிடி போட்டுக்கொண்டிருந்தது. இரண்டு பேர் கால்மணி நேரம் இழுத்தார்கள். கரைக்கு வந்ததும் தாத்தா முதலில் செய்தது, வீட்டிலிருந்து கொண்டுவந்த அடுப்புச் சாம்பலை இரண்டு கைகளிலும் பூசிக்கொண்டதுதான். சாம்பல் இல்லாமல் விலாங்கைப் பிடிக்க முடியாது. பிடித்த இடத்திலிருந்து நழுவி அடுத்த விரலிடுக்கில் புகுந்துகொள்ளும்.

படித்துறைக் கல்லில் கிடத்தித் தாத்தா முழம் போட்டார். முதுகெல்லாம் பழுப்பிலும் மஞ்சளிலும் கறை கறையாக இருந்தது, ஈரப்பாறையில் பாசி படிந்ததைப் போல. வயிறு வெளிறிய மஞ்சள். முதுகுத் துடுப்பு வால் நுனியைச் சுற்றி வயிற்றுப் பக்கம்வரை ஒரே நாடாவாக ஓடியது. அந்த நாடா மட்டும் அலை அலையாக நெளிந்துகொண்டே இருந்ததை இன்றும் மறக்கவில்லை.

ஜூன் 4

நேற்று கதை சொன்னேன், கேள்விக்குப் பதில் சொல்லவில்லை.

நம் ஆறுகளில் உண்மையான விலாங்கு இரண்டு வகை. ஒன்று நான் மேலே சொன்ன புள்ளி விலாங்கு. அறிவியல் பெயர் அங்குவில்லா பெங்காலென்சிஸ். 1831இல் கிரே பெயரிட்டார். பழைய மீன் நூல்களில் நெபுலோசா என்ற பெயரில் தேடினால்தான் கிடைக்கும். இதற்குப் பதிவாகியிருக்கும் உச்ச நீளம் 200 செ.மீ., அதாவது ஆறரை அடிக்குமேல். ஆகவே ஆறடி என்பது கட்டுக்கதை ஆகாது. ஆனால் உச்ச நீளம் என்றால் எல்லாக் காலத்திலும் எல்லா நாட்டிலும் பிடிபட்டவற்றில் மிகப் பெரியது என்றுதான் பொருள். வலையில் வழக்கமாக விழுவது இரண்டு, இரண்டரை அடி. மனிதர் எட்டடி வளர்ந்ததும் பதிவாகியிருக்கிறது; அதற்காக எட்டடிக்கு வாசல் வைத்து யாரும் வீடு கட்டுவதில்லை.

இன்னொன்று அங்குவில்லா பைகலர். முதுகு கரும்பழுப்பு, வயிறு வெளிர். கறை எதுவும் இல்லாத ஒரே நிறம். இதன் உச்சம் ஏறக்குறைய 120 செ.மீ.

உங்கள் கிணற்றில் இருப்பது புள்ளி விலாங்காகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். இருட்டுக் கிணறு, புள்ளி மங்கியிருக்கலாம்.

பரப்பையும் சொல்லிவிடுகிறேன். புள்ளி விலாங்கு பாகிஸ்தானிலிருந்து இந்தியா, இலங்கை, வங்கதேசம், மியான்மர், அந்தமான், சுமத்ராவரை உண்டு. கிழக்கு ஆப்பிரிக்க ஆறுகளில் இதன் கிளையினம் வாழ்கிறது. நேபாளத்து ஆறுகளிலும் இருக்கிறது. அங்கே ‘ராஜ் பாம்’ என்பார்கள். கடலே இல்லாத நாட்டில் கடலில் பிறந்த மீன்! வங்கக் கடலிலிருந்து கங்கை வழியாக நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஏறிப் போயிருக்கிறது.

ஜூன் 5

“என் மாமா நாகப்பட்டினம் மீன் சந்தையில் ஆறடி விலாங்கைப் பார்த்தார், இதோ சாட்சி” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது கடல் விலாங்கு. வெள்ளிபோல மின்னும் உடல், நீண்ட தாடை, உள்ளே நாய்ப்பல் போன்ற பற்கள். அதுவும் 2 மீட்டர்வரை வளரும், ஆனால் ஆற்றுக்கு வந்து வளரும் மீன் இல்லை. ஒரே பெயரை இரண்டுக்கும் வைத்திருப்பதால் வந்த குழப்பம். பாறை இடுக்கில் கிடக்கும் அஞ்சாலை என்ற கடல் மீனைக்கூட வெளியூர்க்காரர்கள் விலாங்கு என்றே சொல்லிவிடுகிறார்கள்.

ஜூன் 9

ஆரலும் விலாங்கும் ஒன்றா என்ற கேள்வி மூன்றாவது முறையாக வருகிறது. இல்லை. ஆரலின் மூக்கு கூராக நீண்டிருக்கும், முதுகில் வரிசையாக முள் இருக்கும். தலையிலிருந்து வால் பக்கமாகத் தடவினால் தெரியாது, எதிர்ப்பக்கம் தடவினால் இரத்தம் வரும். விலாங்குக்கு முதுகில் முள்ளே கிடையாது. செவுளுக்குப் பின்னால் இரண்டு சிறிய துடுப்புகள் காது மடல்போல நிற்கும். அந்த மடலும் இல்லாமல், வெறும் குழாயாகச் சேற்றில் கிடப்பது வேறொன்று. அது விலாங்குக் குடும்பத்தில் சேராது.

செதில் இல்லாத மீன் என்று நான் வேறோர் இடத்தில் எழுதியது தவறு. விலாங்குக்குச் செதில் உண்டு. தோலுக்குள் புதைந்து, பாய் முடைந்ததைப்போல மாறி மாறிக் கிடக்கும். தோலை உரித்துக் காயவைத்து வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும்.

ஜூன் 12

எவ்வளவு பெரிது என்று கேட்கிறவர்கள், எங்கே பிடித்தது என்று கேட்பதில்லை. இந்த மீனில் இரண்டும் ஒரே கேள்வி. இதைத்தான் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும்.

விலாங்கு கடலில் பிறக்கிறது. முதலில் மூங்கில் இலையைப்போலத் தட்டையாக, கண்ணாடி நிறத்தில், நீரோட்டத்தில் மிதந்து வருகிறது. இந்தியப் பெருங்கடலில் சுமத்ராவுக்கு மேற்கே இப்படிப்பட்ட இலைக்குஞ்சுகளை 1928–30இல் உலகைச் சுற்றிய டானா என்ற டேனிஷ் ஆய்வுக் கப்பல் பிடித்தது. கரையை நெருங்கும்போது இலை சுருங்கி நூலாகிறது. உள்ளே முதுகெலும்பு தெரியும் கண்ணாடிக் குஞ்சு அது. முகத்துவாரத்தில் நுழைந்ததும் நிறம் ஏறி, ஆற்றில் மேலே ஏறத் தொடங்குகிறது. பல வருடம் நன்னீரில் தின்று வளர்ந்து, கடைசியில் ஒருமுறை மட்டும் கடலுக்குத் திரும்பி, முட்டையிட்டுச் செத்துவிடுகிறது.

பிறக்கும்போது ஆணா பெண்ணா என்பது முடிவாகியிருப்பதில்லை. நெருக்கமாக, கூட்டமாக வளர்கிற இடத்தில் ஆண்கள் அதிகம். ஐரோப்பிய விலாங்கில் ஆண் அரை மீட்டரைத் தாண்டுவது அரிது. பெண் ஒரு மீட்டரும் போகும். ஆண்கள் சிறிய உடம்போடு சீக்கிரமே கடலுக்குத் திரும்பிவிடும். கூட்டம் குறைந்த மேல்பகுதிக்கு ஏறிப் போனவை பெரும்பாலும் பெண்கள். அவை நிதானமாக நண்டும் இறாலும் தவளையும் தின்று, நீண்டு, தடித்து, வயதாகித் திரும்பும். ஆகவே முகத்துவாரத்தில் தூண்டில் போட்டுவிட்டு “விலாங்கு இவ்வளவுதான்” என்று சொல்கிறவர், பள்ளிக்கூட வாசலில் நின்று மனிதர்கள் நாலடிதான் என்று சொல்கிறவரைப்போல.

தாத்தா பிடித்தது நிச்சயம் பெண். அவ்வளவு தூரம் மேலே, அவ்வளவு நீளத்தில் இருந்தால் வேறாக இருக்க வழியில்லை. திரும்பிப் போகாமல் சட்டியில் முடிந்துவிட்டது. அன்று யாருக்கும் அது தோன்றவில்லை, எனக்கும்தான்.

ஜூன் 14

கேட்டவருக்கு: ஆம், சாப்பிடலாம். வேகவைத்துத்தான். விலாங்கின் பச்சை இரத்தத்தில் நச்சு உண்டு, சூட்டில் அது அழிந்துவிடும். அறுக்கும்போது கண்ணில் தெறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜூன் 20

கொள்ளிடக்கரை நண்பர் மீனை அளந்துவிட்டார். அளந்த விதத்தை எழுதியே ஆக வேண்டும்.

நான் கேட்டது ஒன்றுதான்: முதுகுத் துடுப்பு எங்கே தொடங்குகிறது, ஆசனத்துளை எங்கே இருக்கிறது, இரண்டுக்கும் இடையே எவ்வளவு? நிறத்தை நம்ப முடியாது. இந்த இடைவெளி ஏமாற்றாது. புள்ளி விலாங்கில் துடுப்பு, துளைக்கு வெகு முன்னாலேயே தொடங்கிவிடும். பைகலரில் துளைக்கு ஏறக்குறைய நேர் மேலே தொடங்கும்.

அவர் தண்ணீரை இறைத்து, நனைத்த கோணிச்சாக்கை நீருக்குள் விரித்து, அதன் மேல் விலாங்கு வந்ததும் நாலு மூலையையும் தூக்கியிருக்கிறார். சாக்கின் சொரசொரப்பில் அது நழுவ முடியவில்லை. கண்ணை ஈரத்துணியால் மூடியதும் அடங்கிவிட்டதாம். இரண்டு தென்னை ஈர்க்குகளை எடுத்து, ஒன்றைத் துடுப்பு தொடங்கும் இடத்திலும் மற்றொன்றைத் துளைக்கு நேராகவும் குறுக்கே வைத்திருக்கிறார். இரண்டு ஈர்க்குக்கும் நடுவே அவருடைய சுண்டுவிரல்கூட நுழையவில்லை.

மொத்த நீளம் 76 செ.மீ.

ஜூன் 20, சற்று நேரம் கழித்து

ஆகவே நான் ஜூன் 4இல் சொன்னது தவறு. அது புள்ளி விலாங்கு இல்லை, பைகலர். புள்ளி மங்கியிருக்கலாம் என்று நானே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்து, பார்க்காத மீனுக்குப் பெயர் வைத்துவிட்டேன். இடத்தை யோசித்திருந்தாலே தெரிந்திருக்கும். பைகலர் ஆற்றின் கீழ்ப்பகுதி, கழிமுகம், குளம், வயல் வாய்க்கால் என்று சமவெளி நீரை விரும்பும் மீன். அவர் வயல் கொள்ளிடத்தின் கீழ்ப்பகுதியில், அணைக்கரைக்குக் கிழக்கே இருக்கிறது.

120 செ.மீ. உச்சமாக உள்ள வகையில் 76 செ.மீ. குட்டி அல்ல, நன்கு வளர்ந்த மீன். நண்பர் “இரண்டரை அடிதான்” என்று எழுதிய ‘தான்’ தேவையில்லை.

ஜூன் 22

கிணற்றில் ஏன் வளரவில்லை? இரை குறைவு, அவ்வளவுதான். விழுகிற தவளையும் பூச்சியும்தான் சாப்பாடு. பட்டினியைத் தாங்குவதில் விலாங்கை மிஞ்ச ஆள் இல்லை. சுவீடனில் பிரான்டெவிக் என்ற மீனவ ஊரில், 1859இல் ஒரு சிறுவன் கிணற்றில் போட்டதாகச் சொல்லப்படும் விலாங்கு 2014இல்தான் செத்தது. அங்கும் வழக்கம் ஒன்றுதான்: பூச்சி புழுவைத் தின்று கிணற்றைச் சுத்தமாக வைத்திருக்கும் என்று போடுவது. நண்பரின் அப்பாவும் அதற்காகத்தான் போட்டிருப்பார்.

கிணற்றிலேயே இருக்கட்டும், நன்றாகத்தானே இருக்கிறது என்று தனிச்செய்தியில் அவருக்கு எழுதினேன்.

ஜூலை 2

பேச்சு பழமொழிக்குத் திரும்பிவிட்டது. பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டுகிறது என்று விலாங்கை இரட்டை வேடக்காரனாக்கி வைத்திருக்கிறோம். எனக்கு இந்தப் பழி பிடிப்பதில்லை. மழை இரவில் ஈரப்புல்லில் ஊர்ந்து ஒரு குட்டையிலிருந்து இன்னொரு குட்டைக்குப் போகும் மீன் அது. தோல் வழியாகவும் மூச்சு வாங்கும். தரையில் பார்த்தவன் பாம்பு என்றான், நீரில் பார்த்தவன் மீன் என்றான். அது யாரையும் ஏமாற்றவில்லை.

பழைய பெயர் மலங்கு. புறநானூற்றின் 61ஆம் பாடலில் ‘மலங்கு மிளிர் செறு’ வருகிறது. வயலில் மலங்கு புரண்டு மின்னுகிறது. மலையாளத்தில் இன்றும் மலஞ்ஞில் என்பது அந்தச் சொல்லின் உறவுதான். நான் இந்தத் தொடரைப் பள்ளியில் படித்தபோது அழகுக்காகச் சொன்னது என்று நினைத்தேன். இப்போது படித்தால் வாழிடக் குறிப்பாகத் தெரிகிறது: சோழநாட்டு நெல்வயல், அதில் மலங்கு. கடலுக்கும் அந்த வயலுக்கும் இடையே வழி திறந்திருந்தால் மட்டுமே அந்த வரியை எழுத முடியும்.

ஜூலை 15

“இப்போது ஏன் கிடைப்பதில்லை?” என்று அம்பாசமுத்திரத்துத் தம்பி ஒருவர் கேட்டார். தாமிரபரணியைக் கீழிருந்து மேலே எண்ணிப் பாருங்கள். புன்னக்காயலில் கடல். அங்கிருந்து ஏறினால் ஸ்ரீவைகுண்டம், மருதூர், சுத்தமல்லி, பழவூர், அரியநாயகிபுரம், கன்னடியன், நதியுண்ணி, கோடைமேலழகியான் என்று எட்டு அணைக்கட்டுகள். அதற்கும் மேலே பாபநாசம் அணை. ஏறக்குறைய 125 கிலோமீட்டர் ஆற்றில் எட்டுக் கல்சுவர்.

அணைக்கட்டுகள் பழையவை, அப்போதும் விலாங்கு மேலே இருந்ததே என்று அவரே திருப்பிக் கேட்டார். சரியான கேள்வி. விடை குஞ்சின் நீளத்தில் இருக்கிறது. 10 செ.மீ.க்குள் இருக்கும்வரை விலாங்குக் குஞ்சு ஈரச்சுவரில் வயிற்றை ஒட்டிக்கொண்டு செங்குத்தாக ஏறும். பாசி, நீர்க்கசிவு, கல்லிடுக்கு இருந்தால் போதும். நீளம் கூடக்கூட உடம்பின் எடை கீழே இழுத்துவிடும். சாய்வான, கருங்கல் அடுக்கிய பழைய அணைக்கட்டில் எப்போதும் எங்காவது கசிவு இருக்கும். அதைச் சிமென்ட் பூசி வழவழப்பாக்கி, கசிவை அடைத்து, மேலே மணலையும் அள்ளிவிட்டால் ஏறுவதற்கு எதுவும் இல்லை. கோடையில் கீழே நீரே இல்லாத மாதங்களில் சுவரைப் பற்றிப் பேசவும் வேண்டாம்.

சுவர்களை இடிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எங்கள் வயலும் கன்னடியன் கால்வாய்த் தண்ணீரில்தான் விளைகிறது. நியூசிலாந்தில் குழாய்களின் வழியே முறுக்குக் கயிற்றைத் தொங்கவிடுகிறார்கள். குஞ்சு அந்தக் கயிற்றின் பிசிறைப் பற்றி ஏறுகிறது. பெரிய அணைகளில் கீழே குஞ்சுகளைப் பிடித்து மேலே கொண்டுபோய் விடுகிறார்கள். கயிறு! தேங்காய் நாருக்கு நம் ஊரில் பஞ்சமா? ஒரு மதகோரம் நாலு வடக்கயிற்றைக் கட்டி, அதன்மேல் நீர் சொட்டவிட்டுப் பார்க்க என்ன செலவாகும்?

ஜூலை 16

நேற்று கோபத்தில் எழுதினேன், ஆனால் எதையும் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு வகையையுமே ‘அச்சுறுத்தலை நெருங்குபவை’ என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் வைத்திருக்கிறது. அணை மட்டும் காரணம் இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2010இல் தன் விலாங்கின் ஏற்றுமதியை நிறுத்திய பிறகு, கிழக்காசிய வளர்ப்புப் பண்ணைகளின் கண் பைகலர் குஞ்சுகள்மீது விழுந்தது.

ஆகஸ்ட் 8

பண்ணை வைக்க விரும்பும் அன்பருக்கு: முட்டையிலிருந்து குஞ்சு பொரித்து விற்கும் இடம் நம் நாட்டில் எதுவும் இல்லை. ஜப்பானில் 2010இல்தான் ஆய்வகத்தில் ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைவரை முழுச் சுற்றையும் முடித்தார்கள். அதுவும் பெரும் செலவில். பண்ணையில் வளரும் விலாங்கு ஏறக்குறைய எல்லாமே கடலோரத்தில் பிடித்த காட்டுக் குஞ்சுதான். அதனால் ‘வளர்ப்பு மீன்தானே’ என்று சொல்லி மனதைத் தேற்றிக்கொள்ள முடியாது.

செப்டம்பர் 11

ஊருக்குப் போயிருந்தேன். தாத்தா முழம் போட்ட படிக்கல்லை நாடாவால் அளந்தேன். கல்லின் நீளம் 124 செ.மீ. தலை ஒரு முனையில் இருந்தது, வால் மறுமுனையைத் தாண்டி ஒரு கை அகலம் தொங்கியது; இது நன்றாக நினைவிருக்கிறது. அப்படியானால் 132 செ.மீ. அளவில். நாலேகால் அடிக்குச் சற்று மேல். மூன்று முழத்துக்கு நாலு விரல் குறைவு என்பதும் அதேதான். தாத்தாவின் முழம் சரியான முழம்.

கசத்தில் மணல் இல்லை, பாறை வெளியே தெரிகிறது. இரண்டு இரவு தூண்டில் போட்டேன். கெளுத்தி மட்டும்.

அக்டோபர் 19

நண்பரின் கிணற்றிலிருந்து செய்தி. விலாங்கு ஒரு மாதமாக இரை எடுக்கவில்லை. தவளை மேலே வந்தாலும் அசைவதில்லை. வயிறு வெள்ளியாகிவிட்டது, கண் பெரிதாகிவிட்டது என்கிறார். படம் அனுப்பினார்; ஜூன் மாதப் படத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கண் உண்மையிலேயே பெரிதாகியிருக்கிறது, தலைக்குப் பொருந்தாத அளவுக்கு.

ஜூனில் நான் கிணற்றிலேயே இருக்கட்டும் என்று சொன்னது பிழை. கடலுக்குப் போகத் தயாராகும் விலாங்குக்கு இவைதான் அடையாளங்கள். ஆழ்கடல் இருட்டுக்காகக் கண் விரியும், குடல் சுருங்கும், பிறகு சாப்பாடு கிடையாது. சேர்த்த கொழுப்பில்தான் பயணம் முழுவதும். 11 வருடமாக வளராத மீன் என்று நாம் பேசிக்கொண்டிருந்தோம். அது இத்தனை காலமும் தவளை தவளையாகக் கொழுப்புச் சேர்த்துக்கொண்டிருந்திருக்கிறது.

கொள்ளிடத்தில் விடச் சொல்லியிருக்கிறேன். வாய்க்காலில் விட வேண்டாம், ஆற்றிலேயே. அணைக்கரைக்குக் கீழே இப்போது கதவணையும் வந்துவிட்டது, ஆகவே மதகுகள் திறந்து வெள்ளம் ஓடும் நாளாகப் பார்க்க வேண்டும். நிலா இல்லாத, மழை பெய்யும் இரவு என்றால் நல்லது. விலாங்குகள் தாமே புறப்படுவதும் அப்படிப்பட்ட இரவுகளில்தான்.

நவம்பர் 2

விட்டுவிட்டார். அதே கோணிச்சாக்கில் கொண்டுபோயிருக்கிறார், மகளைக் குடை பிடிக்கச் சொல்லி. கரையில் சாக்கை விரித்ததும் கொஞ்ச நேரம் அசையாமல் கிடந்ததாம். பிறகு தலையைத் திருப்பி, ஆறு ஓடும் திசையில், நாணலுக்குள் நுழைந்து போய்விட்டது. போவதற்கு முன் அளந்திருக்கிறார்: 77 செ.மீ. ஜூனைவிட ஒன்று கூடுதல். ஈர்க்கு வைத்த கை கொஞ்சம் நகர்ந்திருக்கும்.

நவம்பர் 20

கிணற்றில் தவளைச் சத்தம் தாங்க முடியவில்லை என்று இன்று எழுதியிருக்கிறார்.